கொலையாளியின் பெயரை மறைத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு நூல் அறிமுகப் பகுதியில், இரண்டு காலங்களில் மாறி மாறி நடக்கும் ஒரு மர்ம நாவலைப் பற்றி வந்திருந்தது. கொலையாளி யார் என்று கடைசிவரை மூச்சுவிடவில்லை. ஆனால் பழைய கதையில் வரும் ஒருவர்தான் இன்றைய கதையில் இன்னார் என்பதைப் பாதியிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. (நாவலின் பெயரை நான் எழுதவில்லை. இனிமேல் படிப்பவர்களுக்காவது அந்தச் சுகம் மிஞ்சட்டும்.)

இந்த வகை நாவலில் கொலையாளியின் பெயர் இரண்டாம்பட்சம். அன்று நடந்ததற்கும் இன்று நடப்பதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் மர்மமே. ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலில் வந்த 1887ஆம் ஆண்டு நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதியிலேயே ஆள் பிடிபட்டுவிடுகிறான். அப்புறம் கதை லண்டனை விட்டுவிட்டு 1847ஆம் ஆண்டின் அமெரிக்கப் பாலைவனத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பாலைவனத்துக்கும் லண்டன் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிந்தாக வேண்டும், அதற்காகத்தான் விடாமல் படிக்கிறோம்.

1868இல் வெளிவந்த, ஆங்கில எழுத்தாளர் வில்கி காலின்ஸின் வைரக் கதை வேறு மாதிரி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தபோது அந்த வைரத்துக்காக என்ன நடந்தது என்று முதலிலேயே காட்டிவிடுகிறார். 1848இல் இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கு அது பிறந்தநாள் பரிசாக வரும்போது நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. எதை முன்னால் சொல்வது, எதை ஒளித்துவைப்பது என்று யோசித்து எழுதியிருக்கிறார். அதில் இன்னொருவர் கைவைக்கலாமா?

அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால் இரவில் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அத்தியாயத் தலைப்பில் ஆண்டு வந்ததுமே “இரு, இரு” என்று நிறுத்துவார். விரல் விட்டு எண்ணுவார். “அப்ப ஏழு வயசுன்னா இப்ப எழுபத்தாறு. உயிரோடதான் இருக்கணும்” என்பார். அதற்கப்புறம் கதையில் வயதானவர் யார் வந்தாலும் அவருக்குச் சந்தேகம்தான். நீங்கள் அறிமுகம் செய்த நாவலில் அந்தக் கணக்குக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. நாலு அத்தியாயத்தோடு “போதும்மா” என்று சொல்லிவிட்டார்.

அறிமுகம் எழுதுபவர்கள் எந்தக் காலம், எந்த ஊர், காலம் மாறும்போது பேச்சும் மாறுகிறதா என்றெல்லாம் தாராளமாக எழுதட்டும். பல நாவல்களில் நூறு வருடத்துக்கு முந்தைய ஆளும் இன்றைய ஆள் மாதிரியே பேசுகிறார். அதைக் கட்டாயம் சுட்டிக்காட்ட வேண்டும். யார் யாருக்குப் பேத்தி, யார் எழுதிய கடிதம் யார் கையில் கிடைக்கிறது என்பதை மட்டும் தொடாதீர்கள். பதிப்பகங்களும் பின்னட்டையில் இதைக் கவனிக்க வேண்டும். முதல் பக்கத்தில் வம்சாவளிப் படம் போடுகிறவர்கள் அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

அடுத்த ஞாயிறும் இதே மாதிரி ஒரு நாவல்தான் என்று அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தப் புத்தகத்தை வாங்கிவைத்திருக்கிறேன், இன்னும் தொடங்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி