மந்திரச் சண்டையில் போன வருடம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வேலை முடிந்து சாப்பிடாமல்கூட வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை ஆடும் குழு நம்முடையது. போன ஆண்டறிக்கையில் பாதி, பகடைப் பெட்டி தொலைந்த கதையாகவே இருந்தது என்று சிலர் குறைப்பட்டார்கள். இம்முறை அப்படி ஆகக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம், ஆட்டத்தில் இரண்டு மந்திரவாதிகள் மோதிக்கொள்ளும் மந்திரச் சண்டைதான். நான் என்ன செய்ய?

முதலில் வழக்கமானவை. ஆண்டுத் தொடக்கத்தில் 17 பேர் இருந்தோம், இப்போது 22. மூன்று பேர் கட்டாயப் படைப்பணியான தேசிய சேவையில் இருக்கிறார்கள். வார இறுதி விடுப்புக் கிடைத்தால் மொட்டைத் தலையோடு வந்து மந்திரவாதியாக ஆடுகிறார்கள், பொருத்தமாகத்தான் இருக்கிறது. தைப்பூச, தீபாவளி வாரங்கள் நீங்கலாகப் பெரும்பாலான சனிக்கிழமைகளில் சமூக மன்ற அறை கிடைத்தது. கிடைக்காத நாள்களில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஆடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் ஒரு மேசையில் விசார்ட் ஒருவரும் வார்லாக் ஒருவரும் (இரண்டுமே மந்திரவாதி வகுப்புகள்) கதைக்குள் ஒரு கிரீடத்துக்காக முறைத்துக்கொண்டார்கள். இருவரும் ஐந்தாம் நிலை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 விதிகள்படி ஆட்டம். யார் முதலில் என்று முடிவு செய்யும் இனிஷியேட்டிவ் பகடையில் முந்திய விசார்ட், நெருப்புக் குண்டு மந்திரமான ஃபயர்பால் விட்டார். வார்லாக், குறுக்கிட்டுச் செய்யும் செயலான தன் ரியாக்ஷனைச் செலவழித்து, எதிரி மந்திரத்தை முறிக்கும் கவுண்டர்ஸ்பெல் போட்டார். விசார்ட் தன் ரியாக்ஷனைக் கொண்டு அந்தக் கவுண்டர்ஸ்பெல்லுக்கே கவுண்டர்ஸ்பெல் போட்டார். ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஒரு ரியாக்ஷன்தான் என்பதால் வார்லாக்கின் கை காலி. ஃபயர்பால் சேதத்துக்கு எட்டு ஆறுபக்கப் பகடைகளை உருட்டினால் சராசரியாக 28 வரும், அன்றைக்கு 39 வந்தது. வார்லாக் விழுந்தார், சாவுச் சோதனையிலும் தேறவில்லை. ஆறு மாதம் வளர்த்த கதாபாத்திரம் ஆறு நிமிடத்தில் போயிற்று. அவரை இயக்கியவர் இரண்டு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை.

விதியில் தவறில்லை. குழுவாகப் போய் அரக்கர்களோடு மோதுவதற்கு எழுதிய விதி அது. இரண்டு மந்திரவாதிகளைத் தனியாக எதிரெதிரே நிறுத்தினால், பகடையில் முந்தியவர் கை ஓங்கிவிடுகிறது. 2024 பதிப்பில் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள்: ஒரு முறைக்குள் ஒருவர் ஒரு ஸ்லாட்தான் (மந்திரம் விடச் செலவாகும் சக்தியின் ஓர் அலகு) செலவழிக்கலாம், ஆகவே தன் முறையில் மந்திரம் விட்டவர் எதிர் மறிப்பும் போட முடியாது. கவுண்டர்ஸ்பெல்லும் மாறிவிட்டது. மந்திரம் விட்டவர் உடல் உறுதிக்குச் சேவிங் த்ரோ, அதாவது தாக்குப்பிடிக்கப் பகடை, போடுவார், தோற்றாலும் ஸ்லாட் கையில் நிற்கும். அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு சனிக்கிழமை சோதித்துப் பார்த்தோம். ஓட்டை அடைபட்டது, சண்டை இழுபட்டது. ஒருவர் விட, மற்றவர் தடுக்க, மறுபடி விட, மறுபடி தடுக்க, இருவர் மோதும் நேரமெல்லாம் மேசையிலிருந்த மற்ற நான்கு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உண்மையில் உறுத்தியது இதுதான். செத்தவரைச் சமாதானப்படுத்திவிடலாம், சும்மா உட்கார்ந்து சலித்துப்போனவரை மறுவாரம் கூட்டி வருவது கஷ்டம்.

செயற்குழு பழையவற்றைப் புரட்டியது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில், மந்திரத்தைத் தடுக்க நினைப்பவர் தன் முறையை விட்டுக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும். எதிரி விடுவது என்ன மந்திரம் என்று அடையாளம் கண்டு, அதையே திருப்பி விட்டு முறிக்க வேண்டும். சிலவற்றுக்கு எதிர் ஜோடியும் உண்டு: வேகத்துக்கு மந்தம், ஒளிக்கு இருள். இதைப் படித்ததும் நம் துணைத் தலைவர், "இது ஆக்னேயாஸ்திரத்துக்கு வருணாஸ்திரம் கதைதானே" என்றார். 1987-ல் வந்த ஆர்ஸ் மேஜிகா என்ற இன்னொரு விளையாட்டிலோ மந்திரவாதிகள் முறைப்படி மோதிக்கொள்வதற்கென்றே செர்டாமென் என்று தனிச் சடங்கு இருக்கிறது. நமக்கு வேண்டியது இந்த வகைதான் என்று அப்போதே பட்டது.

துணைத் தலைவரின் உற்சாகத்தில் பிறந்ததுதான் ஐம்பூத அட்டவணை. நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு காற்றை உண்ணும் என்று நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆகாயம் எதை வெல்லும் என்ற கேள்வியில் நின்றது. அந்த ஒரு கேள்விக்கு இரண்டு கூட்டம், நாற்பது நிமிட வாக்குவாதம், தே தாரிக் தேநீர்ச் செலவு தனி. மே மாதம் அட்டவணையை மரியாதையோடு கைவிட்டோம். அதை வரைந்தவர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று கேள்வி.

ஜூனில் நிறைவேறியது கோப்பை விதி. இருவரும் ஆளுக்கொரு பகடையைக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைப்பார்கள். எத்தனையாம் நிலை ஸ்லாட்டைப் பணயம் வைக்கிறார்கள் என்பதை அது காட்டும், வெறும் கை என்றால் பகடை வைக்காமலே கவிழ்க்கலாம். ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அப்புறம் இருவரும் டி20 என்ற இருபது பக்கப் பகடையை உருட்டி, மந்திரத் திறனையும் வைத்த நிலையையும் கூட்டுவார்கள். ஐந்து அல்லது அதற்குமேல் அதிகம் பெற்றவரின் மந்திரம் முழுதாகப் பாயும், அதற்குக் குறைந்தால் பாதி. சமமானால் இரண்டும் நடுவில் மோதி வெடிக்கும், 20 அடிக்குள் நிற்கும் எல்லாரும் சேவிங் த்ரோ போட வேண்டும். ஸ்லாட் இருவருக்கும் போகும். இது ஒரு வீச்சு, மூன்று வீச்சோடு சண்டை முடிந்தது. ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே, சுற்றி இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு செயல் உண்டு: காவலனை மடக்கலாம், விளக்குக் கயிற்றை அறுக்கலாம், பந்தயம்கூடக் கட்டலாம்.

கடைசி வாசகம் நான் பிடிவாதமாகச் சேர்த்தது. தோற்றவரை வீழ்த்தலாம், அவரை இயக்குபவர் சம்மதிக்காமல் கொல்ல முடியாது. எந்த வீச்சுக்கு முன்னும் விட்டுக்கொடுக்கலாம். அசுவத்தாமன் மாதிரி விட்டதைத் திரும்ப அழைக்கத் தெரியாமல் நிற்கக்கூடாது அல்லவா? இந்த வாசகத்துக்கு மட்டும் வாக்குகள் சமமாகி, தலைவரின் வாக்கால் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் இன்றைக்கும் எதிர்க்கிறார்கள், அதையும் பதிவு செய்கிறேன்.

பிப்ரவரியில் செத்த வார்லாக்கின் தம்பியாக, அதே வார்லாக் வகுப்பில், அந்த நண்பர் ஜூலையில் திரும்பி வந்தார். விசார்டைச் சண்டைக்கு அழைத்தார். அந்த நிலையில் வார்லாக்குக்கு ஸ்லாட் இரண்டுதான். முதல் வீச்சில் மிகுந்த யோசனையோடு கோப்பையைக் கவிழ்த்தார், திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை! விசார்ட் அதற்குப் போய் மூன்றாம் நிலை ஸ்லாட்டைக் கொட்டியிருந்தார். அந்த வீச்சு விசார்டுக்கே, ஆனால் பாதிதான் பாய்ந்தது. மற்ற இரண்டும் தம்பிக்கு. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம், யாரும் போனை எடுக்கவில்லை.

சொற்கள் பற்றியும் ஒரு முடிவு எடுத்தோம். பாய்ந்து வரும் மந்திரத்தை வழியில் தடுப்பது மறிப்பு, ஏற்கெனவே படிந்ததை நீக்குவது எடுப்பு, சைலன்ஸ் மந்திரம் வாய்க்கட்டு. ஊரில் பழகிய சொற்கள் இருக்கும்போது புதிதாக உருவாக்குவானேன்? ஓர் உறுப்பினரின் அம்மா மட்டும், விளக்கு வைத்த நேரத்தில் வீட்டுக்குள் எடுப்பு, கட்டு என்றெல்லாம் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டதால் அந்த மேசை இடம் மாறியது.

கீழ்த்தளத்தில் ஆடிய ஓர் இரவு, "சாகடி அவனை" என்ற சத்தம் கேட்டு மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் இறங்கி வந்துவிட்டார். பகடையைக் காட்டி விளக்கினோம். அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். இனி பத்து மணிக்குமேல் அங்கே சண்டைக் காட்சி வேண்டாம்.

இன்றைய கூட்டம் முடிவு செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. வாய் அசைக்காமல், கை அசைக்காமல் மந்திரம் விடும் சப்டில் ஸ்பெல் திறன், இன்னொரு மந்திரவாதி வகுப்பான சார்சரர்களுக்கு உண்டு. மூல விதிப்படி, விடுவது கண்ணில் படாவிட்டால் அதை மறிக்க முடியாது. கோப்பை விதியில் அதற்கு என்ன சலுகை? எதிராளி முதலில் திறக்கட்டும் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் அதிகம் என்று படுகிறது, ஒரு சண்டைக்கு ஒரு முறை என்றால் சரி. சபை முடிவு செய்யட்டும்.

சமூக மன்றத்துக் கோப்பைகளில் இரண்டு குறைகின்றன. எடுத்துப் போனவர்கள் தேநீர் இடைவேளைக்குள் திருப்பி வைத்துவிடவும். இவ்வறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்