துவரையின் அடுத்த இரண்டு தலைமுறைகளுக்காக ஒரு திறந்த மடல்

பயிர் உயிர்த்தொழில்நுட்ப ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் வல்லுநர் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

துவரையில் காய்ப்புழு எதிர்ப்புக்கான எங்கள் திட்டத்தை நீட்டிக்கக் கோரிய விண்ணப்பம் சென்ற வாரம் திரும்பி வந்தது. மரபணு மாற்றப்பட்ட செடிகள் கிடைத்துவிட்டதால் நோக்கம் நிறைவேறியது என்றும், செருகிய மரபணு அடுத்த தலைமுறைகளுக்குச் செல்கிறதா என்று பார்ப்பது வழக்கமான பணியே என்றும் தாங்கள் மூன்று வரிகளில் முடித்திருந்தீர்கள். அந்த ‘வழக்கமான பணி’க்காகத்தான் இம்மடலை எழுதுகிறேன்.

பயறு வகைகள் திசு வளர்ப்புக்கு எளிதில் இணங்காதவை என்பது தாங்கள் அறிந்ததே. அதனால்தான் முளைக்கும் விதையின் வளர்நுனியில் ஊசியால் காயமிட்டு, செடிக்குள் மரபணுவைக் கொண்டு சேர்க்கும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவை ஏற்றும் முறையை நாங்களும் கையாண்டோம். அப்படி வரும் செடியில் ஒரு கிளைக்கு மரபணு கிடைத்திருக்கும், பக்கத்துக் கிளைக்குக் கிடைத்திருக்காது. இலையைக் கிள்ளி, மரபணு இருக்கிறதா என்று காட்டும் பிசிஆர் சோதனை செய்தால் ‘உண்டு’ என்றே விடை வரும். ஆனால் மகரந்தமும் சூலும் உருவாகும் திசுவில் அந்த மரபணு இல்லையென்றால் விதைக்கு எதுவும் போய்ச் சேராது. ஆகவே தாங்கள் கிடைத்துவிட்டதாகக் கணக்கில் எழுதிக்கொண்ட செடிகள், அவற்றின் விதை முளைத்துக் காட்டும் வரை, எதற்கும் சான்றாகா.

முளைத்தாலும் வேலை முடிவதில்லை. ஓரிடத்தில் மட்டும் செருகப்பட்ட மரபணு, தன்மகரந்தச் சேர்க்கைக்குப் பின் மரபணு உள்ள செடிகள் மூன்றுக்கு இல்லாதது ஒன்று என்ற மெண்டல் விகிதத்தில் பிரிய வேண்டும். தொடர்பற்ற இரண்டிடங்களில் புகுந்திருந்தால் பதினைந்துக்கு ஒன்று. மூன்றுக்கு ஒன்று என்பதில் வரும் அந்த மூன்றிலும் ஒரு பங்கே தூய வழி, அதாவது மரபணுவின் இரு பிரதிகளையும் கொண்டு அதை எல்லா விதைகளுக்கும் கடத்துவது. மற்ற இரு பங்கும் மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவை. எந்தச் செடி எந்த வகை என்பதை, அதன் விதைகளையும் விதைத்து அவை எப்படிப் பிரிகின்றன என்று பார்த்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். பல பிரதிகள் புகுந்த செடியில் மரபணு இருந்தும் செயல்படாமல் அடங்கிப்போவதும் உண்டு. உழவருக்குக் கொடுக்கப் போவது ஆய்வகத்தில் வந்த முதல் செடியை அல்ல. அதன் வழிவந்த விதையைத்தான். எனவே, மேலும் இரண்டு தலைமுறைகளை வளர்த்து முடிக்க நிதி தாருங்கள் என்று கேட்கிறோம்.

எங்கள் பசுமைக்குடில் ஏற்காடு அடிவாரத்தில் உள்ளது. திட்டக் காலம் முடிந்ததும், குளிரூட்டும் விசிறிகளுக்கு மின்கட்டணம் கட்ட வழியில்லாமல் போயிற்று. அயல் மகரந்தம் கலந்துவிடக் கூடாதென்று பூங்கொத்துகளுக்கு மெல்லிய துணிப்பை கட்டியிருந்தோம். சேலத்தின் ஏப்ரல் வெயிலில் பூக்கள் அந்தப் பைகளுக்குள்ளேயே உதிர்ந்தன. உதவித்தொகை நின்ற பிறகும் எங்கள் ஆய்வு மாணவி காலைதோறும் வந்து, பைகளை அவிழ்த்து, உதிர்ந்த பூக்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதி வந்தார். காய் பிடிக்காத செடிக்கு எந்த விகிதத்தைக் கணக்கிடுவது என்று அவர் கேட்டபோது என்னிடம் விடையில்லை.

பார்வையிட வந்த உறுப்பினர் ஒருவர், தொட்டிகளைக் கோடைக்கு மட்டும் மலைக்கு ஏற்றிவிடலாமே என்றார். அனுமதிக்கப்பட்ட இடத்தை விட்டு இத்தகைய செடிகளை உரிய ஒப்புதலின்றி நகர்த்தக் கூடாது என்ற விதியை அவருக்கு நான் நினைவூட்ட வேண்டியிருந்தது. அன்று மாலை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து குளிர்ந்த காற்றைக் கண்டவர்கள் குழுவினர் மட்டுமே.

ஆஸ்திரேலியாவில் பீன்ஸின் மரபணு ஒன்றைப் பட்டாணியில் செருகி, வண்டுத் தாக்குதலைத் தடுப்பதில் வெற்றியும் கண்டார்கள். அந்தப் பட்டாணியை உண்ட எலிகளுக்கு நோயெதிர்ப்பு எதிர்வினை ஏற்படுவது 2005-இல் வெளிவந்தபோது அந்தப் பயிரையே கைவிட்டார்கள். செடி கிடைத்த பிறகும் சோதனையைத் தொடர்ந்ததால்தான் அந்த உண்மை தெரிந்தது. இங்கேயோ, பூச்சி எதிர்ப்புக்காக மரபணு மாற்றப்பட்ட பி.டி. (Bt) கத்தரிக்காய் 2010-இல் நிறுத்திவைக்கப்பட்ட நாள் முதல் ஆதரிப்போரும் எதிர்ப்போரும் நம்பகமான தரவு வேண்டும் என்கிறார்கள். அந்தத் தரவு தலைமுறை தலைமுறையாகச் சேரும் இடத்தில்தான் நிதி நிற்கிறது. பருப்பில் தன்னிறைவு என்ற மேடைப் பேச்சுக்கு மட்டும் நீட்டிப்பு மறுக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறேன். கேட்பது பெரிய தொகையல்ல: இரண்டு தலைமுறைகள் வளர்ந்து முடியும் வரை பசுமைக்குடிலின் மின்கட்டணமும், ஒரு மாணவிக்கான உதவித்தொகையும், மரபணுப் பிரதிகளை எண்ணுவதற்கான சதர்ன் சோதனைச் செலவும்தான். முடிவில் எங்கள் செடி வழிகள் யாவும் நிலையற்றவை என்று தெரிந்து, அத்தனையையும் அழிக்க நேர்ந்தால், அதையும் மறைக்காமல் தங்களுக்கு எழுதுவோம். இனி வரும் திட்டங்களையும், கிடைத்த செடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அல்லாமல், அவற்றின் வழித்தோன்றல்களில் மரபணு நிலைத்திருப்பதைக் கொண்டு மதிப்பிடுமாறு வேண்டுகிறேன்.

முதல் செடிகளிலிருந்து எடுத்த விதைகளில் ஒரு பகுதி இன்னும் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. ஆடிப்பட்டத்தில் அவற்றை விதைக்க ஏதுவாக, அதற்கு முன்னரே தங்கள் மறுபரிசீலனை முடிவைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பயிர் மரபியல் ஆசிரியர் ஒருவர்,
சேலம்.