ஆளுக்கு ஒரு பக்கம்

யோகோஹாமா
16.11.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்களும் சித்தியும் நலமா? முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளுருதா, சம்பளம் ஏத்துனாங்களா" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. நடுவில் அம்மா வேறு போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். உங்களிடம் மட்டும் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். பத்தாம் வகுப்புக்கு அப்புறம் இவ்வளவு நீளமாகத் தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

வேலை ஓடுகிறது. வீடும் பழகிவிட்டது. வெளிநாட்டுக்காரி என்றதும் இரண்டு வீட்டுக்காரர்கள் கைவிரித்ததும், மூன்றாவதாக இந்த அறை கிடைத்ததும் அம்மா சொல்லியிருப்பாள். ஆறு பாய் விரிக்கிற அளவுதான் அறை. இங்கே அளவே பாய்க் கணக்கில்தான் சொல்வார்கள். இந்த ஊர் அரிசி ஒட்டிக்கொள்கிற ரகம், தயிர்சாதத்துக்கு அதைவிட அருமையான அரிசி கிடையாது, புளியோதரைக்கு மட்டும் ஆகவே ஆகாது. குப்பையை எந்தக் கிழமை எது என்று பிரித்துப் போடவும் கற்றுக்கொண்டேன். சுவர்தான் அப்பளம் மாதிரி. பக்கத்து அறைக்காரர் தும்மினால் எனக்குக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் பாட்டு எப்படிப் போடுவது? காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். நீங்கள் காசெட் கடை வாசலில் ஸ்பீக்கரை வைத்துத் தெருவுக்கே பாட்டுப் போட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை!

போன பங்குனி வாக்கில், அதாவது இங்கே செர்ரிப் பூ கொட்டுகிற சமயத்தில், நோகே என்கிற பேட்டையில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குப் பின்பக்கம், சின்னச் சின்னக் குடிக்கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம். திடீரென்று மழை. ஒதுங்க இடம் தேடிப் பூமிக்கடியில் இறங்கும் ஒரு படிக்கட்டில் இறங்கினேன். கதவைத் திறந்தால் இருட்டு. காப்பி வாசனை, பழைய சிகரெட் வாசனை. பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். நாற்காலி எல்லாம் பஸ்ஸில் மாதிரி ஒரே திசையில் அந்த ஸ்பீக்கரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு முதலில் ஏதோ தியான மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்றே தோன்றியது. அந்த நேரம் பார்த்து அம்மா போன் பண்ணினாள். "மழைம்மா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். கடைக்காரர் வந்து என் மேசைமேல் ஒரு அட்டையை வைத்துவிட்டுப் போனார். "பேச வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதியிருந்தது. மழை விட்ட பிறகும் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு ஜாஸ் கிஸ்ஸா என்று பேர். ஜாஸ் என்றால் அமெரிக்கச் சங்கீதம், கிஸ்ஸா என்றால் காப்பிக் கடை. கடைக்காரரை எல்லோரும் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள், பேர் சொல்வதில்லை. ஒரு காப்பி 800 யென், நம்ம காசுக்கு 450 ரூபாய்க்குப் பக்கம். "காப்பிக்கா இவ்வளவு!" என்று சித்தி தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. அது காப்பிக்கான விலை இல்லை. யுத்தத்துக்குப் பிறகு இங்கே அமெரிக்க எல்.பி. ரெக்கார்டு வாங்குவதென்றால் சாதாரண ஆளுக்குக் கையைக் கடிக்கும். வீட்டில் கிராமபோன் வாங்க வசதி கிடையாது, வாங்கினாலும் சத்தமாக வைக்கச் சுவர் இடம் கொடுக்காது. அதனால் ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, கடைக்காரர் வாங்கிய ரெக்கார்டை நாள் பூராவும் கேட்டுவிட்டுப் போவார்கள் மாணவர்கள். காசெட் வாங்க முடியாதவர்கள் உங்கள் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டு "அண்ணே, அந்தப் பாட்டு" என்பார்களே, அந்தக் கதைதான்.

இந்த நோகேயிலேயே சிகுசா என்று ஒரு கிஸ்ஸா, 1933இல் தொடங்கியது. யுத்த காலத்தில் ஜாஸ் எதிரி நாட்டுச் சங்கீதம் என்று தடை. 1945 மே மாதம் யோகோஹாமாவில் குண்டு போட்டபோது சேர்த்து வைத்த தட்டுகளோடு கடை எரிந்துபோனது. மறுபடியும் திறந்தார்கள். தோஷிகோ அகியோஷி என்று ஒரு பியானோக்காரி, இளவயதில் அங்கே வந்து தட்டைக் கேட்டுக் கேட்டே பாடம் பண்ணியவர். 1956இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார், பிற்பாடு அங்கே சொந்தமாகப் பெரிய வாத்தியக் குழுவே நடத்தினார். இந்த அம்மாள் பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

நான் போகிற கடையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசலாம். அன்றைக்கு மோச்சியோரி. அவரவர் வீட்டிலிருந்து ஒரு ரெக்கார்டு கொண்டுவர வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் கிடையாது. ஏன் பிடிக்கும் என்று இரண்டு நிமிஷம் சொல்லலாம். தட்டு சுற்றும்போது மாஸ்டர் அதன் உறையை விளக்கடியில் நிறுத்தி வைப்பார். ஒரு பல் டாக்டர் வருவார், ஒரு நர்ஸம்மா வருவார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவும் வருவார். தாத்தாவுக்கு எழுபத்தொன்பது வயது. 1961 ஜனவரியில் ஆர்ட் பிளேக்கி என்ற அமெரிக்க ஜாஸ் டிரம்ஸ்காரர் தன் கோஷ்டியோடு ஜப்பானுக்கு வந்தபோது இவருக்குப் பதினைந்து. டிக்கெட்டுக்குக் காசு கிடையாதாம். ஆனால் 'மோனின்' என்கிற அவர்கள் மெட்டை சைக்கிளில் நூடுல்ஸ் கொண்டுபோகிற பையன்கள்கூட விசிலடித்துக்கொண்டு திரிந்தார்கள் என்று இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. "அந்தப் பையன்களில் நானும் ஒருவன்" என்கிறார் தாத்தா. நிஜமோ பொய்யோ, விசில் மட்டும் பிரமாதம்.

முதல் மாதம் நான் வெறுங்கையோடு போனேன். நர்ஸம்மா கொண்டுவந்தது சோனி கிளார்க் என்ற பியானோக்காரரின் 'கூல் ஸ்ட்ரட்டின்'. 1958 ஜனவரி 5ஆம் தேதி பதிவானது. உறையில் ஒரு பெண் தெருவில் நடக்கிற கால்கள் மட்டும்தான் இருக்கும். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத தட்டு, இங்கே இதைப் போடாத கிஸ்ஸாவே கிடையாது. வாசித்தவர் 31 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார், போதைப் பழக்கம். தன் தட்டைக் கடல் தாண்டி ஒரு ஊரே கொண்டாடும் என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று.

இதைப் பதிவு செய்த ரூடி வான் கெல்டரைப் பற்றி மாஸ்டர் சொன்னபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பகலில் அவருக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. சாயங்காலம் நியூ ஜெர்சியில் அப்பா அம்மா வீட்டு ஹாலில் மைக்கை நட்டு ரெக்கார்டிங்! பிளூ நோட் என்ற ஜாஸ் ரெக்கார்டுக் கம்பெனியின் பெரிய பெரிய தட்டெல்லாம் 1959 வரைக்கும் அந்த ஹாலில் பதிவானவை. பகலில் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு, சாயங்காலம் வீட்டு ரேழியில் டபுள் டெக்கில் காசெட் பதிவு என்று இருந்த ஒருத்தரை எனக்கும் தெரியும் என்று சொன்னேன். எல்லோருக்கும் உங்களைப் பிடித்துவிட்டது. காகிதத்தில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்பது, அறுபது நிமிஷக் காசெட்டா தொண்ணூறா என்று நீங்கள் கேட்பது, பக்கம் முடிகிற இடத்தில் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்று விநாடிக் கணக்கோடு அடுக்குவது எல்லாவற்றையும் சொன்னேன். "எந்தக் காசெட்?" என்றார் பல் டாக்டர். டி.டி.கே. என்றேன். அது இந்த ஊர்க் கம்பெனி ஆயிற்றே, கை தட்டிவிட்டார்கள்.

அந்த வான் கெல்டர், தட்டின் நடுவில் லேபிளைச் சுற்றிப் பாட்டில்லாமல் விட்டிருக்கும் வழவழப்பில் தன் பேரின் முதலெழுத்துகளைப் பொறித்துவிடுவாராம். பழைய ரெக்கார்டு கடைகளில் பார்க்க வேண்டும். வயசானவர்கள் தட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சித்தி வைரத்தோட்டை வாங்கும்போது பார்த்த பார்வை அதேதான். எனக்கு இந்த முதல் பதிப்புப் பைத்தியம் பிடிக்கவில்லை. வீட்டு வாடகை அளவுக்கு ஒரு தட்டுக்குக் கொடுப்பதை என்னால் ஜீரணிக்க முடியாது. நான் தேடுவது தள்ளுபடிப் பெட்டியில்தான். குனிந்து குனிந்து இடுப்புப் போகிறது.

அப்படி எடுத்ததுதான் பில் எவான்ஸ் என்ற பியானோக்காரரின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறை கிளப்பில் கச்சேரி நடக்கும்போதே பதிவு பண்ணியது. பியானோ, பாஸ் என்கிற அடிக்குரல் தந்தி வாத்தியம், டிரம்ஸ், மூன்றே பேர். நடுவே கிளாஸ் இடிபடுகிற சத்தம், யாரோ பேசுகிற சத்தம், ஒரு சிரிப்பு எல்லாம் கேட்கும். பக்கத்தில் நடக்கிற விசேஷத்தைப் பற்றி அந்த மேசைக்காரர்களுக்குக் கவலையே இல்லை. நம்ம ஊர்க் கல்யாணத்தில் மேடையில் ஒருத்தர் உயிரைக் கொடுத்து கல்யாணி வாசிக்க, கீழே "ரசம் வந்துச்சா" என்று கேட்பார்களே! பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவுக்கு 25 வயது. பதினோரு நாள் கழித்துக் கார் விபத்தில் இறந்துபோனார். அது தெரிந்த பிறகு அந்தக் கிளாஸ் சத்தம் வருகிற இடத்தில் எனக்கு என்னவோ செய்கிறது. பேசக்கூடாது என்று கடையில் அட்டை வைத்திருப்பதும் அப்போதுதான் புரிந்தது.

இப்போது நிஜமான சங்கதிக்கு வருகிறேன். செப்டம்பர் மோச்சியோரி முடிந்து படியேறும்போது கிரேன் தாத்தா, "தென்னிந்தியாவா நீ? அடுத்த மாதம் உனக்காக ஒன்று கொண்டுவருகிறேன்" என்றார். சொன்னபடி கொண்டுவந்தார். சார்லி மரியானோ என்ற பாஸ்டன்காரரின் தட்டு, 'ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸ்', 1976. அவர் சாக்ஸபோன்காரர். நான் நினைவில் வைக்கச் சொன்ன தோஷிகோ அம்மாளின் முன்னாள் கணவர். அதனால் தாத்தாவுக்கு அவர் கிட்டத்தட்ட ஜப்பானிய மாப்பிள்ளை. சாக்ஸபோன் போயிற்று, புல்லாங்குழல் போயிற்று. அப்புறம் ஒரு சத்தம் வந்தது சித்தப்பா. நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். நாயனம்!

வெள்ளைக்காரர், நம்ம நாயனம், கூட எலெக்ட்ரிக் கித்தார் மாதிரி உறுமுகிற பாஸ். உறையைத் திருப்பிப் பார்த்தால் அவர் வாத்தியப் பட்டியலில் நாகஸ்வரம் என்றே அச்சடித்திருக்கிறது. 1960களின் கடைசியில் மலேசிய வானொலி வாத்தியக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போன இடத்தில் நாயனம் கேட்டுச் சொக்கிப்போனாராம். பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து தங்கிக் கற்றுக்கொண்டார். சும்மா ஒரு தட்டுக்காக ஊதிப் பார்த்த ஆள் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் கேட்டால் முகம் சுளிப்பீர்கள். கமகம் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் வராது. தவில் இல்லை, ஒத்து இல்லை. "காத்து இருக்கு, கார்வை இல்லை" என்பீர்கள். எனக்கும் முதல் நிமிஷம் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது நிமிஷம் அந்தக் குரல் தெரிந்த குரல், பாஷைதான் வேறு என்று பட்டது. கண் கலங்கிவிட்டது. தாத்தா ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கைக்குட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

முடிந்ததும் கேள்விமேல் கேள்வி. காகிதக் கைத்துடைப்பானில் நாயனத்தை வரைந்து காட்டினேன். நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டை, ஆச்சா மரம், விரலுக்கு ஏழு துளை, அடியில் விரிந்திருக்கும் அணசு, வாயில் வைத்து ஊதுகிற சீவாளி, கழுத்தில் தொங்குகிற உதிரிச் சீவாளிகள் என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். சீவாளியை வாயில் வைத்து எச்சிலில் பதப்படுத்துவதை நடித்தே காட்டினேன். பல் டாக்டர் அதை ரொம்பக் கவனமாகக் குறித்துக்கொண்டார், அவர் தொழில் புத்தி. கடைசியில் மாஸ்டர் கேட்டார்: "இந்த வாத்தியத்தில் உங்கள் ஊரில் யார் பெரியவர்?" திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்றேன். "எந்தத் தட்டு?" தோடி என்றேன். "ஜனவரி பக்கம் உனக்கு" என்று சொல்லிவிட்டார்.

போனிலேயே போட்டுக் காட்டலாம், தட்டினால் வந்துவிடும். ஆனால் இங்கே அது கணக்கில் சேராது. கையில் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும், இது எனக்கு இன்னாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

மூன்று வருஷம் முன்னால் லீவில் வந்தபோது, பரண்மேல் இருக்கும் காசெட்டையெல்லாம் எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது என்று பெரிய மனுஷி மாதிரி பேசினேன். நீங்கள் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டீர்கள். அது என் மனசில் இருந்துகொண்டே இருக்கிறது. போட்டுவிடவில்லையே?

தோடி இருக்கிற தொண்ணூறு, தகரப் பெட்டியில் மேல் அடுக்கு என்று ஞாபகம். முதுகில் பச்சை மையில் "டி.என்.ஆர்." என்று இருக்கும். 78 வேகத் தட்டிலிருந்து நீங்கள் ஏற்றியது, முள்ளின் கரகரப்போடு. என் கூட வேலை பார்க்கும் பையன் பொங்கலுக்குத் தஞ்சாவூர் வருகிறான், 18ஆம் தேதி திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புங்கள். கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மாஸ்டரிடம் காசெட் டெக் இருக்கிறது, நகாமிச்சி. "ஒரு தடவை தொட்டாவது பார்க்கணும்" என்று கேட்டலாகை வைத்துக்கொண்டு சொல்வீர்களே, அந்தக் கம்பெனிதான். போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

காசெட்டை யாரிடமும் கொடுத்துச் சுத்தம் பண்ணச் சொல்லாதீர்கள். தொடக்கத்தில் கடை பேரைச் சொல்லி, "மன்னார்குடியிலிருந்து அன்புடன் வழங்குவது" என்று உங்கள் குரல் வருமே, அதையும் சேர்த்துத்தான் மாஸ்டரிடம் நேரம் சொல்லியிருக்கிறேன்.

சித்திக்கு என் அன்பு.

உங்கள் பாப்பா

பி.கு.: டேப் தளர்ந்திருந்தால் பென்சில் விட்டுச் சுற்றி இறுக்கி அனுப்புங்கள். இங்கே எனக்குப் பேனாதான் கிடைக்கிறது, அது அந்தப் பல்லில் நிற்பதில்லை.