கோல் போஸ்ட்டை அளந்தவருக்கும், கூட நின்றவர்களுக்கும் நன்றி

சேலம், ஏற்காடு கால்பந்து நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த வருட மாவட்ட லீக் முடிந்துவிட்டது. கோப்பை நமக்கு இல்லை. பட்டியலில் நடுவில் நிற்கிறோம். போன வருடம் இதே நேரத்தில் பதினொரு பேர் சேராமல், கழகத்தை மூடிவிடலாமா என்று கூட்டம் போட்டுப் பேசியவர்கள் நாம். அங்கிருந்து இங்கே வந்தது யார் யாரால் என்று ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி புதிய கோச் சாருக்கு. ரயில்வேயில் ஓய்வு பெற்று அஸ்தம்பட்டியில் குடியிருப்பவர். வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆட்களை இறக்கினால் உடனே ஜெயிக்கலாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். அவர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். பழைய வருகைப் பதிவேட்டை வாங்கிக்கொண்டு, விலகிப்போன பையன்கள் வீட்டுக்கெல்லாம் போனார். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவன், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் இருப்பவன் என்று ஒருத்தரையும் விடவில்லை. யாருக்கும் ஆட்டம் கசந்துபோகவில்லை. சாயங்காலப் பயிற்சி வேலை நேரத்தோடு மோதியது, அவ்வளவுதான். பயிற்சியைக் காலை ஐந்தரைக்கு மாற்றினார். ஆட்கள் திரும்பி வந்தார்கள். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் டேப்பை எடுத்து கோல் போஸ்ட்டை அளந்தார். விதிப்படி இரண்டு கம்பத்துக்கும் நடுவே 24 அடி, உயரம் 8 அடி இருக்க வேண்டும். நம்முடையது அகலத்தில் ஒன்றரை அடி குறைவு. அதிலேயே பழகிய கோல்கீப்பர், வெளி மைதானங்களில் கம்பத்தை ஒட்டி வரும் பந்துக்குக் கை எட்டாமல் தவித்ததன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. சூரமங்கலத்து வெல்டிங் பட்டறை அண்ணனிடம் சொன்னோம். பகலில் அவருக்கு வேலை நெருக்கடி. ராத்திரி கடையைச் சாத்திய பிறகு பைப்பை வெட்டி நீட்டி, கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். மேல் கம்பி தொய்யக்கூடாது என்று, ஒட்டுப் போட்ட இடத்தில் உள்ளே இன்னொரு சின்னப் பைப்பை விட்டுப் பற்றவைத்திருக்கிறார். மேலே வெள்ளை பெயிண்ட். கையால் தடவிப் பார்த்தாலும் ஒட்டு தட்டுப்படாது. அண்ணே, அந்தக் கைக்குக் கும்பிடு.

நெட் வாங்கித் தந்த வெள்ளி வியாபாரி தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஐயா, பெயரைப் போடவில்லை. நன்றியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

காயம் நம் அணியைத் தின்றுகொண்டிருந்தது. ஃபிஃபாவின் மருத்துவக் குழு வடிவமைத்த '11+' வார்ம்-அப்பை கோச் சார் கொண்டுவந்தார். 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம். பந்தைத் தொடாமல் இது எதற்கு என்று பையன்கள் முதலில் முனகினார்கள். பிசியோதெரபி படிக்கும் தங்கை ஒருவர் வந்து, குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக்கூடாது என்று ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்தினார். இந்த சீசனில் முட்டிக் காயத்தால் ஒருத்தரையும் இழக்கவில்லை. தங்கச்சி, பரீட்சை நேரத்திலும் வந்தாயே, மறக்க மாட்டோம்.

விதிகளைச் சொல்லிக்கொடுத்த பழைய ரெஃப்ரிக்கும் நன்றி. எதிரணி கோல் கோட்டுக்கு வெளியே அடித்த பந்தை நம் கோல் முன்னால் வைத்து உதைக்கும் கோல் கிக்கில், கோலுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டமான பெனால்டி ஏரியாவைப் பந்து தாண்டிய பிறகுதான் நம் ஆள் தொடலாம் என்று இன்னும் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2019-லேயே அந்த விதி மாறிவிட்டது. பந்தை உதைத்து அது நகர்ந்ததும் ஆட்டம் தொடங்கிவிடும், ஏரியாவுக்குள்ளேயே பாஸ் வாங்கலாம். கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பதை விட்டுவிட்டு, பின்னாலிருந்து பாஸ் கொடுத்து ஏறுவதை கோச் சார் அதில்தான் தொடங்கினார். ஆரம்பத்தில் அதனாலேயே கோல் வாங்கினோம். வெளியே நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் மாற்றவில்லை.

மலைப் பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கோல்கீப்பர் நாகலூர்ப் பக்கம். காப்பிப் பழம் எடுக்கும் மாதங்களில் எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு அவர்களால் கீழே இறங்க முடியாது. சரி, நான் மேலே வருகிறேன் என்று கோச் சார் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து மூட்டையோடு பஸ் ஏறினார். இருபது கொண்டை ஊசி வளைவுகள், அவருக்கோ வளைவில் வயிற்றைப் புரட்டும். டிரைவருக்குப் பின்னால் அந்த மூட்டைக்கு இடம் ஒதுக்கிய கண்டக்டர்களுக்கும், காப்பி உலர்த்தும் களத்தைப் போல வழவழப்பாக ஒரு மேட்டு நிலத்தைச் செதுக்கிக் கொடுத்த எஸ்டேட் மேஸ்திரிக்கும், லீக் நாட்களில் மலைப் பையன்களைத் தங்கள் வீட்டில் படுக்க வைத்த கன்னங்குறிச்சிக் குடும்பங்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பயிற்சி முடிந்ததும் சுண்டலும் அவித்த முட்டையும் கொண்டுவந்த அம்மாக்களுக்கு நன்றி. உடம்பு முடியாத நிலையிலும் கணக்குப் புத்தகத்தையும் சாவியையும் ஒழுங்காக ஒப்படைத்து, புதியவருக்கு ஆசி சொன்ன பழைய மேனேஜர் ஐயாவுக்கு எங்கள் வணக்கம். அவர் கட்டிக் காத்ததால்தான் மீட்பதற்கென்று ஒரு கழகம் மிச்சம் இருந்தது.

வருகிற ஞாயிறு காலை பயிற்சி முடிந்ததும் மைதானத்தில் எல்லாருக்கும் டிபன். வெல்டிங் அண்ணன், மேஸ்திரி, கண்டக்டர்கள், அம்மாக்கள் எல்லாரும் குடும்பத்தோடு கட்டாயம் வர வேண்டும். எட்டு மணிக்கு இலை போட்டுவிடுவோம்.

அன்புடன்,
கழகச் செயலாளர்