மகன் முகத்தைப் பார்க்கும் பாட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதியோர் கொடுமை என்றதும் அடி உதைதான் நினைவுக்கு வருகிறது. எனக்குத் தெரிந்த பாட்டியை யாரும் அடிப்பதில்லை. ஆனால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால்கூட முதலில் மகன் முகத்தைப் பார்ப்பார், பதிலும் மகனிடமிருந்துதான் வரும். பாட்டியின் பென்ஷன் பாஸ்புக்கும் மகன் கையில்தான். இதுவும் கொடுமைதானே?

உலகில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதாவதொரு கொடுமைக்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரணம் சொல்லாத காயம், நின்றுபோன மாத்திரை, திடீரென்று எடுக்கப்படாத போன் என்று எதைக் கண்டாலும் அந்த முதியவரோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வராது. "ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னாலும், சரி என்று விட்டுவிடாமல் மறுபடியும் போங்கள். அவர் சம்மதத்தோடு மருத்துவரிடமோ முதியோர் உதவி எண்ணிலோ சொல்லலாம். உயிருக்கு ஆபத்தென்றால் உடனே போலீஸைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி