உராய்வு வளையத்தைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மறைந்த என் மாமனார் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்த, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் ஆட்டோ-5 வேட்டைத் துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது அறிந்ததை, அதுபோன்றது வைத்திருக்கும் வாசகர்களுக்காக எழுதுகிறேன். ஜான் பிரௌனிங் 1900-இல் காப்புரிமை பெற்ற இவ்வடிவத்தில், சுடும்போது குழலும், அதன் பின்வாயை மூடும் பூட்டும் சேர்ந்தே பின்னகர்கின்றன. அந்த வேகத்தைத் தணிப்பவை முன்கட்டைக்குள் (குழலின் கீழே கையால் பிடிக்கும் மரப்பகுதி) இருக்கும் சுருள்வில்லும் உராய்வு வளையங்களும்தான். கனத்த தோட்டாவுக்கும் இலேசான தோட்டாவுக்கும் வளையங்களின் அடுக்கு வேறுபடும். இதை அறியாமல், இலேசான தோட்டாவுக்கான அடுக்கோடு கனத்த தோட்டாவைச் சுட்டால் முன்கட்டை விரிசல் விடக்கூடும். எங்கள் துப்பாக்கியில் அப்படியொரு விரிசலைக் கண்டு மிகவும் வருந்தினேன். தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்த பின்பே கழற்றுங்கள். வளையங்கள் கோக்கப்பட்டிருக்கும் தோட்டாக்குழாயின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். மிகுந்தால் வளையங்கள் வழுக்கி, உதைப்பை மரமே தாங்க நேரிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மினசோட்டா, அமெரிக்கா