கோட்டுக்கு வெளியே கட்டூசோ

குருநகர், யாழ்ப்பாணம்
2025 செப்ரெம்பர் 14

அன்பின் நண்பனுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று உன் தங்கை சொன்ன பிறகுதான் எனக்கு மனம் ஆறியது. முன்னாள் வீரர் கட்டூசோ இத்தாலிய உதைபந்தாட்ட அணியின் பயிற்றுவிப்பாளரானதைப் பற்றி நீ கேட்டிருந்தாய். ஒரு கிழமையாக எனக்கும் அதே யோசனைதான்.

2006 ஜூலை 9 இரவு, உங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்த இத்தாலி-பிரான்ஸ் உலகக்கிண்ண இறுதியாட்டத்தில், மற்றவர்கள் பிரான்சின் சிடானையே பேசிக்கொண்டிருக்க, நீ மட்டும் 120 நிமிடமும் ஓய்வின்றி ஓடிய தாடிக்காரர் கட்டூசோவையே காட்டிக்கொண்டிருந்தாய். அடுத்த மாதம் போரால் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை மூடப்பட்டது. நாங்கள் சேர்ந்து பார்த்த கடைசி ஆட்டம் அதுதான் என்பதால், அவர்மேல் எனக்குத் தனிப் பாசம்.

ஆனால் 2011 இல் இங்கிலாந்தின் ரொட்டன்ஹாம் கழகத்தின் உதவிப் பயிற்றுவிப்பாளர் ஜோ ஜோர்டனைத் தலையால் முட்டித் தடை வாங்கியவரும் அவரே. 2018, 2022 உலகக்கிண்ணங்களுக்குப் போக முடியாமற்போய், இந்த ஜூனில் ஒஸ்லோவில் நோர்வேயிடம் 3-0 எனத் தோற்று, பயிற்றுவிப்பாளர் ஸ்பலெற்றியையும் நீக்கிய இத்தாலி, இப்போது அந்தக் கோபக்காரரிடமே அணியை ஒப்படைத்திருக்கிறது. வீரர்களிடம் வேகம் வற்றிவிட்டது, அதை அவர் ஊட்டுவார் என்பது அவர்களின் நம்பிக்கை.

அது பாதி சரியென்றே நினைக்கிறேன். இந்த மாதம் பேர்காமோவில் எஸ்தோனியாவுக்கு எதிரான உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் இடைவேளை வரை ஒரு கோலும் இல்லை. பிறகு ஐந்து விழுந்தன. மூன்று நாள் கழித்து, இங்கே நள்ளிரவு தாண்டி நான் பார்த்த இஸ்ரேல் ஆட்டத்தில், 4-2 என முன்னிலையில் இருந்தவர்கள் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்து, 90 நிமிடம் தாண்டிய கூடுதல் நிமிடத்தில் ரொனாலி அடித்த கோலால்தான் 5-4 எனத் தப்பினார்கள். கோல் அடிக்கிற வெறி வந்துவிட்டது. பின்வரிசையின் ஒழுங்கு வரவில்லை. 2020 இல் அவர் நாப்போலிக் கழகத்துக்கு இத்தாலியக் கிண்ணத்தை வென்று கொடுத்தபோது, வீரர்கள் நாள்தோறும் அவரோடு இருந்தார்கள். தேசிய அணியிலோ சில நாட்கள் சேர்ந்து பயிற்சி செய்துவிட்டு ஆளுக்கொரு கழகத்துக்குப் பிரிந்துவிடுகிறார்கள். அந்தக் குறுகிய காலத்தில் உணர்ச்சியை ஏற்றிவிடலாம், ஒழுங்கைப் பழக்குவது கடினம்.

இதை நான் இங்கே கண்டிருக்கிறேன். மாலையில் கடற்கரையில் பதினைந்து வயதுப் பையன்களுக்குப் பந்து பழக்குகிறேன் அல்லவா? போன மாதம் ஒரு பிழையான பாசுக்காக ஒருவனைக் கத்திவிட்டேன். இரண்டு கிழமை அவன் வரவேயில்லை. வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்து, எந்த இடத்தில் நிற்க வேண்டுமென்று மணலில் கோடு கீறிக் காட்டிய பிறகுதான் அவன் ஆட்டம் திருந்தியது. விளையாடிய காலத்தில் என் கோபம் என் காலுக்கு வலு தந்தது உண்மை. அவன் காலுக்கு அது பயமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

அணித் தூதுக்குழுவின் தலைவராக புபோன் கூட இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். 2006 இல் கட்டூசோவின் முதுகுக்குப் பின்னால் கோலைக் காத்தவர், எங்கே அவரைத் தணிக்க வேண்டும் என்று அறிந்திருப்பார்.

நவம்பர் 16 இல் மிலானில் நோர்வே மறுபடி வருகிறது. தகுதிகாண் குழுவில் முதலிடம் பெறும் அணிதான் நேரடியாக உலகக்கிண்ணத்துக்குப் போகும். ரொறன்ரோவில் அது பகல் நேரம். வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தொலைபேசி எடு. நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
உன் குருநகர் நண்பன்